நாற்பது சட்டை, எண்பது இடது கை

வாத்தியக் குழுத் தலைவர் சல்யூட் அடித்தார். கை நெற்றிக்குப் போகாமல் மூக்கில் போய் விழுந்தது.

"பாத்தீங்களா மேடம்?" மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டார். "நேத்து விளையாட்டு விழாவுல நாங்க நாற்பது பேரும் ஒரே நேரத்துல இப்படித்தான் அடிச்சுக்கிட்டோம். டிரம் வாசிக்கிறவன் குச்சி பக்கத்துல இருந்தவன் காதுல போய் விழுந்துச்சு. ஜனங்க எழுந்து நின்னு கைதட்டுறாங்க! நகைச்சுவைக் குழுன்னு நினைச்சுட்டாங்க."

"அப்ப லாபம்தானே?" என்றேன்.

"தம்பி," என்றார் அண்ணி. அந்த ஒரு சொல்லுக்கு வாயை மூடுங்க என்று அர்த்தம்.

அவர் என் அண்ணன் மனைவி. ஊருக்குத் துப்பறியும் நிறுவனத்தின் மேடம், எனக்கு மட்டும் அண்ணி. மூன்று வேலைகளை வாயால் கெடுத்துக்கொண்ட என்னை, நான்காவதாக அண்ணன் இவர் தலையில் கட்டிவிட்டான். எட்டத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் அவருக்குக் கண்ணாடி. அதைக் கழற்றினால் கிட்டத்தில் எதையோ பிடித்துவிட்டார் என்று பொருள்.

இப்போது கழற்றினார். குழுத் தலைவரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

"இது இடது கை."

"இல்லீங்க மேடம், வலதுதான். இந்தக் கையிலதான் பல்லு விளக்குறேன்."

"உங்க கை வலது. சட்டையோட கை இடது. ரெண்டு பக்கமும் இடது கையையே வெச்சுத் தைச்சிருக்காங்க."

யூனிஃபார்ம் தைக்கும் அந்தத் தொழிற்கூடத்தின் முதலாளி, மேசையில் தலையை வைத்துக்கொண்டார். அங்கிருந்தபடியே பேசினார்.

"மூணாவது தடவை மேடம். முதல்ல ஆய்வுக்கூட கோட்டு. நூறு கோட்டுக்கும் பாக்கெட் முதுகுல. அப்புறம் காவலாளிங்க பேண்ட்டு. அறுபது பேண்ட்டுலயும் ஒரு கால் முழுசா, ஒரு கால் முட்டி வரைக்கும். இப்ப இது."

"தைச்சவங்க யாரும் கவனிக்கலையா?"

"தைக்கிறவங்க கொடுத்ததைத் தைப்பாங்க. கேள்வி கேக்குறது அவங்க பிரிவு இல்ல."

"சரிபாக்குற பிரிவு?"

"எண்ணிப் பாத்தாங்களே! நாற்பது சட்டைக்கு எண்பது கை. சரியா இருந்துச்சு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அந்த இடத்தில் துணி வெட்டுகிறவர் ஒரே ஒருவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டி ஒரே வெட்டில் நாற்பதையும் வெட்டுவார். மற்றவர்கள் செய்யும் தப்பு ஒரு சட்டையோடு நின்றுவிடும். மாஸ்டர் தப்பு செய்தால் நாற்பது பேர் மூக்கில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இருபத்தாறு வருஷமா ஒரு நூல் பிசகினதில்ல," என்றார் முதலாளி. "போட்டிக் கம்பெனிக்காரன் இவரை வளைச்சுட்டான். ரெண்டு தடவையும் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வரும்போது தெளிவா வர்றார். தான் வெட்டினதைப் பாத்து, இதை நானா செஞ்சேன்னு அழறார். ரெண்டு வாரம் ஒழுங்கா வெட்டுறார். மறுபடியும் கைவரிசை. வீட்டுல சரியா இருக்கிறவர் இங்க வந்தா மட்டும் கெட்டுப் போறார்னா, அது திட்டம் போட்டுச் செய்யறதுதானே? அஞ்சு மணிக்குப் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். அதுக்குள்ள அவர் வாயால ஒத்துக்க வையுங்க."

மணி பத்தேகால்.

*

வெட்டும் கூடத்துக்கு எங்களை அழைத்துப் போனவர் சூப்பர்வைசர். முப்பது வயதுக்காரர். வழியில் முப்பது தையல் மிஷின்கள் இரண்டு வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்று மிஷின் சத்தம் கூடியது. அவர் கையில் ஒரு மீட்டர் நீள மர ஸ்கேல். அதன் நுனியில் ஒரு சாவி சங்கிலியில் தொங்கியது.

"என்ன சாவி?" என்று கேட்டேன்.

"அது நிர்வாக விஷயம்," என்றார்.

வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அங்க பாருங்க. சைகை!"

ஜன்னலருகே மாஸ்டர் நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும், ஒடிசலான ஆள். ஒரு துணியை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். நூலில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பார்கள் போலிருக்கிறது. பிடித்த கைகள் மணிக்கட்டில் சட்டென்று தொங்கின, நிமிர்ந்தன, மறுபடி தொங்கின. டாட்டா காட்டுகிற மாதிரியே இருந்தது.

"தினமும் இப்படித்தான். எதிர்க் கட்டடத்துல யாருக்கோ தகவல் போகுது," என்றார் சூப்பர்வைசர். "நான் ஈவு இரக்கம் பாக்க மாட்டேன் மேடம். யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்."

"தம்பி, எதிர்க் கட்டடம்," என்றார் அண்ணி.

ஓடினேன். எதிரே ஒரே ஒரு கடைதான் இருந்தது, சலூன். சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரின் முகத்தில் நுரையைத் தடவிவிட்டு, கத்தியும் கையுமாக ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"யாருக்குய்யா சைகை காட்டுறீங்க?"

"அந்த மாஸ்டருக்குத்தான். பத்து நாளா எனக்கு டாட்டா காட்டுறார். நல்ல மனுஷன். நாமளும் பதிலுக்குக் காட்டணும்ல?"

"அவர் பேர் தெரியுமா?"

"தெரியாது."

"பேசியிருக்கீங்களா?"

"எதுக்கு? அதான் தினமும் டாட்டா காட்டிக்கிறோமே!"

நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, டாட்டாவை அப்புறம் காட்டுங்க. பாதித் தாடி இருக்கு."

நான் திரும்பி வந்தபோது, மாஸ்டர் அளவுநாடாவோடு அண்ணி முன்னால் நின்றிருந்தார். அண்ணி தனக்கு ஒரு கோட்டு வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாஸ்டர் நெடுநேரம் யோசித்தார். கண்கள் தூக்கத்தில் சொக்கின.

"எத்தனை கை வேணும்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு போதும் மாஸ்டர்."

"எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க," என்று பெருமூச்சு விட்டார். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மூலையில் நின்ற தலையில்லாத துணிபொம்மையிடம் போய், "நீங்க உக்காருங்க, வந்துடறேன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. கண்ணாடி அவர் கையில் இருந்தது.

"குடிச்சுட்டு வர்றார் மேடம்," என்றார் சூப்பர்வைசர். "கிட்டப் போனா வாடை அடிக்குது."

"வாடை அடிக்குது. ஆனா அது சாராய வாடை இல்ல. பூட்டி வெச்ச அலமாரியில ஏதோ பழம் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை," என்றார் அண்ணி. "தம்பி, அவர் அந்தப் பொம்மைகிட்ட ஏன் அவ்வளவு மரியாதையா பேசினார்னு பாருங்க."

பொம்மையைத் தட்டினேன். உள்ளே வெறும் கூடு. கழுத்து மூடியைத் திருகிக் கையை விட்டேன். ஒரு பாட்டில் வந்தது. லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே வெளுத்த மஞ்சளில் கெட்டியான திரவம். பாட்டில்மேல் தூசி படிந்திருந்தது.

"மயக்க மருந்து!" என்றார் சூப்பர்வைசர். "போட்டிக் கம்பெனி கொடுத்தது!"

மூடியைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு விட்டேன். சீனிப்பாகு போலத் தித்தித்தது. காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். தடயத்தை முழுமையாக ஆராய வேண்டும் என்பதற்காக மேலும் இரண்டு வாய் குடித்தேன்.

"தம்பி!" அண்ணி பாட்டிலைப் பிடுங்கினார். பாதி காலி. "இந்த உலகத்துலயே தடயத்தைக் குடிச்ச முதல் ஆள் நீங்கதான்."

"மயக்கம் வரல அண்ணி. விஷமா இருந்தா நம்ம வழக்கு இன்னும் பலமாகும்ல?"

*

மாஸ்டரின் மனைவியை அண்ணி போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். ஒரு மணிக்கு வந்தார். முதலாளியின் அறைக்கு வெளியே இருந்த முக்காலியில் உட்கார்ந்ததும் படபடவென்று பேசினார்.

"அவர் வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்லம்மா. கல்யாண வீட்டுல குளிர்பானம் கொடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பார். ஆனா இப்ப பத்து நாளா ஆளே சரியில்ல. ராத்திரி பூரா கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கார். விடிஞ்சா தூங்கி வழியறார். நேத்து கத்திரிக்கோலைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுல வெச்சிருந்தார். ஏன்னு கேட்டா, கெட்டுப் போயிடும்கறார்."

"முன்னாடி ரெண்டு தடவை ஒரு வாரம் வீட்டுல இருந்தாரே, அப்ப?"

"அதான் ஆச்சரியம்! நாலே நாள்ல பழைய மனுஷன் ஆயிடுவார். தூக்கம் வரும், கணக்கு வழக்கெல்லாம் ஞாபகம் வரும். இங்க வந்து ரெண்டு வாரம் போனா மறுபடியும் இதே கதி. இங்க இருக்கிறவங்கதான் அவருக்கு எதையோ கொடுக்குறாங்க."

"வீட்டுல இருக்கும்போது மருந்து எதாவது சாப்பிடுவாரா?"

"ஏதோ டானிக் குடிப்பார். லேபிளைக் கிழிச்சுட்டுத்தான் வீட்டுக்கே கொண்டு வருவார். கேட்டா வயித்துக்குன்னு சொல்வார். குடிச்சுட்டு..." என்று தயங்கினார். "அடிக்கடி எழுந்து போவார்."

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் ஸ்கேலும் சாவியுமாக அந்தப் பக்கம் வந்தார். மாஸ்டரின் மனைவி சட்டென்று முக்காலியிலிருந்து எழுந்து ஓரமாக நின்றுகொண்டார். குரல் பாதியாகக் குறைந்தது. சூப்பர்வைசரும் ஸ்கேலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வேகமாகப் போய்விட்டார்.

அண்ணி மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, உங்க மகன் வயசுப் பையன். அவரைப் பாத்து நீங்க ஏன் எழுந்து நின்னீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? மாப்பிள்ளை வந்தா உக்காந்துக்கிட்டா இருப்பாங்க?"

"யாரோட மாப்பிள்ளை?"

"எங்க மாப்பிள்ளைதான். எங்க ஒரே பொண்ணைக் கட்டினவர். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. மாமனாரைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க இவ்வளவு துடிக்கிற மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. குற்றவாளி சிக்கிவிட்டான் என்று அண்ணியின் காதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

*

"கக்கூஸ் சாவியா? முதல்ல பதிவேட்டுல எழுதுங்க," என்றார் சூப்பர்வைசர்.

"ஐயா, அவசரம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பேர், போற நேரம், காரணம். திரும்பி வந்ததும் வந்த நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான். மூணாவதுக்கு முதலாளி கையெழுத்து வேணும்."

நெற்றியில் வியர்வை கொட்ட, நோட்டைத் திறந்தேன். காரணம் என்ற கட்டத்தில் மக்கள் பலவிதமாக எழுதியிருந்தார்கள். 'வழக்கமானது.' 'மேற்படி.' 'சொந்த வேலை.' 'உங்களுக்கே தெரியும்.' ஒருவர் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதியிருந்தார். நான் 'தடயம்' என்று எழுதினேன்.

அந்த ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு முப்பது மிஷின்களுக்கு நடுவே நடந்த நடையை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். சாவி தொலையாமல் இருக்க ஸ்கேலில் கட்டியிருக்கிறார்களாம். ஒரு மீட்டர் நீளம், மடக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. சங்கிலி நடைக்கு நடை மணி அடித்தது. அறுபது கண்கள் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தன. இரண்டாம் முறை நடந்தபோது ஒரு பெண்மணி பக்கத்துப் பெண்ணிடம், "ரெண்டு," என்று எண்ணினார்.

"சனிக்கிழமை கூட்டத்துல வாசிப்பாங்க சார்," என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார். "யார் யார் அதிகமா போனாங்கன்னு. நீங்க வெளியாள், தப்பிச்சீங்க."

மூன்றாம் முறைக்கு நான் முதலாளி அறைக்கு ஓடினேன். கையெழுத்து வாங்கிவிட்டு அண்ணியைக் கடந்தபோது, "அண்ணி, அது விஷம் இல்ல, அதைவிட மோசம்," என்று மட்டும் சொல்ல முடிந்தது.

திரும்பி வந்தபோது அவர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இத்தனை நேரமும் யாருமே அதைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. என் வயிறுதான் அவர் கையில் கொண்டுவந்து சேர்த்தது.

"இந்த விதி எப்ப வந்துச்சு?" என்று ஒரு தையல்காரரைக் கேட்டார்.

"நாலு மாசம் ஆச்சு மேடம். முதலாளி கொண்டு வந்தார்."

"முதல் தப்பு நடந்து மூணு மாசம்." பக்கங்களைத் திருப்பினார். "முதல் வாரம் மாஸ்டர் தினமும் மூணு தடவை போயிருக்கார். கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. அந்தச் சனிக்கிழமை கூட்டத்துல அவர் பேரை வாசிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் தினமும் ஒரு தடவை. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஆறு நாள் வெறுமை. ஏழாம் நாள் முதுகுல பாக்கெட். வீட்டுக்குப் போறார், தெளிஞ்சு வர்றார், கொஞ்ச நாள் பேர் இருக்கு. மறுபடியும் வெறுமை. ஒண்ணரைக் கால் பேண்ட்டு. கடைசிக் கையெழுத்தைப் பாருங்க."

பார்த்தேன். பெயர் கோட்டை விட்டு இறங்கி, பக்கத்துக் கட்டத்துக்குள் போய், அங்கே பாதியில் நின்றிருந்தது. தேதி பன்னிரண்டு நாளைக்கு முந்தையது.

"பன்னிரண்டு நாளா மனுஷன் போகவே இல்லையா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இந்த நிலைமையில் எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது.

அண்ணி அதற்குள் ஒரு டாக்டருக்குப் போன் போட்டிருந்தார். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"சீனிப்பாகு மாதிரி, வெளிர் மஞ்சள்... உங்க கொழுந்தன் எவ்வளவு குடிச்சார்?"

"பாதி பாட்டில்."

டாக்டர் சிரித்தார். "அது லாக்டுலோஸ். அவர் பொழைச்சுக்குவார், நாளைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டே இருப்பார். குடிக்க வேண்டியவர் குடிக்கலைன்னாதான் ஆபத்து. பகல்ல தூக்கமா? பேச்சு குழறுதா? கையை நீட்டச் சொன்னா மணிக்கட்டு பறவை ரெக்கை மாதிரி படபடன்னு தொங்குதா?"

"டாட்டா காட்டுற மாதிரி."

சிரிப்பு நின்றது. "மேடம், அவருக்குக் கல்லீரல் சுருங்கிப் போயிருக்கும். குடல்ல உண்டாகுற அமோனியா மாதிரிக் கழிவையெல்லாம் கல்லீரல்தான் வடிகட்டணும். அது படுத்துட்டா கழிவு ரத்தத்தோட மூளைக்கு ஏறிடும். ஆள் குழம்புவார், தூங்குவார், அப்புறம் எழுந்திருக்க மாட்டார். அந்த மருந்து கழிவைக் கீழ்வழியா வெளியேத்துறதுக்குத்தான். அவர் இப்ப எங்க இருக்கார்? முழிச்சிருக்காரா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். ஒரு மணி நேரமாக நாங்கள் இருவரும் மாஸ்டரைப் பார்க்கவில்லை.

*

வெட்டும் கூடத்தில் பெரிய மேசைமேல் இரண்டு பேர் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். மெல்லிய துணி, ஏழாவது மடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மேசையின் நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு மேடு. அதன்மேலும் சுருக்கம் விழாமல் அழகாக நீவி விட்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் மின்கத்தியைக் கையில் எடுத்திருந்தார். "மாஸ்டரைக் காணோம். ஓடிட்டார் போல. வேலை நிக்கக் கூடாது, நானே வெட்டிக்கிறேன்," என்றார். கத்தி விர்ரென்று உறுமியது.

மேடு குறட்டை விட்டது.

அண்ணி ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். கத்தி மேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நான் ஏழு மடிப்பையும் வாரிச் சுருட்டித் தள்ளினேன். அடியில் மாஸ்டர் கழுத்தில் அளவுநாடாவோடு மல்லாந்து படுத்திருந்தார். கூப்பிட்டால் பேச்சில்லை. தோளைக் குலுக்கினேன், கிள்ளினேன். முனகக்கூட இல்லை.

"மேடு இருந்துச்சு," என்றார் துணி விரித்தவர்களில் ஒருவர். "மாஸ்டர் எதையோ வெச்சிருப்பார்னு நினைச்சோம். கேள்வி கேக்குறது எங்க பிரிவு இல்லையே."

கத்தி சூப்பர்வைசர் கையிலிருந்து நழுவியது. "மாமா!" என்று கத்தினார். அந்தக் கூடத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை.

*

சரியாக ஐந்து மணிக்கு நாங்கள் எல்லாரும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்தோம். உள்ளே மாஸ்டரின் குடலைக் கழுவி, மூக்குக் குழாய் வழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு ஆச்சு. புகாரை யார் மேல கொடுக்குறது?" என்று கேட்டார்.

"குற்றவாளியைக் கையோட கொண்டு வந்திருக்கோம்," என்றார் அண்ணி.

நான் அந்த ஸ்கேலை எடுத்து நீட்டினேன். சாவி தொங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்பதும் உண்மை.

"மூணு வேளை மருந்து குடிச்சா மூணு வேளை போகணும்," என்றார் அண்ணி. "போகணும்னா கேக்கணும், எழுதணும், இதைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போகணும். சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் பேரை வாசிப்பாங்க. அதனால மருந்தை நிறுத்திட்டார். வீட்டுல எந்த மாப்பிள்ளைகிட்டயும் சாவி கேக்க வேண்டியதில்ல. குடிச்சார், தெளிஞ்சார். நீங்க தண்டனைன்னு நினைச்சு வீட்டுக்கு அனுப்பினது வைத்தியம். சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டதுதான் விஷம். எண்பது இடது கையையும் வெட்டினது உங்க விதி சார்."

சூப்பர்வைசர் சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாமனாருக்குச் சலுகை காட்டுறான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் மேடம் அவர்கிட்ட ரெண்டு மடங்கு கறாரா இருந்தேன்," என்றார். "அன்னிக்குக் கூட்டத்துல அவர் பேரை வாசிச்சது நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. மாஸ்டரின் மனைவி மட்டும் எழுந்து வந்து மாப்பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நாள் மாஸ்டர் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். கால்மாட்டில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்ததும் படுக்கையிலிருந்து எழப் பார்த்தார்.

"படுங்க மாமா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது மாப்பிள்ளை? எனக்குச் சர்க்கரையாலயும் கொழுப்பாலயும் வந்ததுன்னு டாக்டருக்குத் தெரியும். கல்லீரல் கெட்டுப்போச்சுன்னா ஊர் என்ன சொல்லும்? குடிகாரன்னு சொல்லும். என் பொண்ணு உங்க வீட்டுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?" குரல் மெலிந்திருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. "அதையாவது விடுங்க. மாப்பிள்ளைகிட்டப் போய் ஒரு நாளைக்கு மூணு தடவை கக்கூஸ் சாவி குடுங்கன்னு எந்த மாமனார் கேப்பான்?"

டாக்டர் உள்ளே வந்தார். "ரெண்டு கையையும் நீட்டுங்க. வண்டியை நிறுத்துற மாதிரி." மாஸ்டர் நீட்டினார். கைகள் அசையாமல் நின்றன. டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து நட்சத்திரம் ஒன்று வரையச் சொன்னார். மாஸ்டர் நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஒரு சட்டைக் கையை வரைந்தார். பக்கத்தில் இன்னொன்றையும் வரைந்து எங்களிடம் காட்டினார். ஒன்று இடது, ஒன்று வலது.

*

மூன்று வாரம் கழித்து நாங்கள் அந்தத் தொழிற்கூடத்துக்குப் போனோம். அண்ணிக்கு நிஜமாகவே ஒரு கோட்டு தேவைப்பட்டது. முதலாளி வாசலுக்கே வந்தார். பதிவேடு, சனிக்கிழமைக் கூட்டம் இரண்டுமே இப்போது கிடையாதாம். வாத்தியக் குழு மறுபடியும் நாற்பது சட்டை கேட்டிருக்கிறதாம்.

"பழைய மாதிரியே வேணுமாம் மேடம். எண்பதும் இடது கை. ஜனங்க அதைத்தான் கேக்குறாங்களாம். மாஸ்டர் முடியாதுங்கறார். நல்ல புத்தியில இருக்கும்போது அப்படி வெட்ட வராதாம்."

கூடத்தின் கோடியில் அந்தக் கக்கூஸ் கதவு திறந்தே கிடந்தது. பூட்டு இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. மாஸ்டர் ஜன்னலருகே நின்று ஒரு துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு ஆடவில்லை.

திடீரென்று சலூன்காரர் கையில் கத்தியோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் தெருவைத் தாண்டி, அவர் கடையில் ஒருவர் பாதித் தாடியோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"மாஸ்டர், நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றார். "வேலைக்கு வந்து நாலு நாள் ஆச்சு. ஒரு டாட்டா உண்டா? நான்தான் பைத்தியம் மாதிரி கையை ஆட்டிக்கிட்டு இருக்கேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்ற சலூன்காரரைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

அவ்வளவுதான். கூடத்தின் மறுகோடியிலிருந்து மாப்பிள்ளை ஓடிவந்தார். ஒரு கையில் பாட்டில், லேபிள் கிழியாதது, இன்னொரு கையில் அளவு மூடி.

"மாமா! கை ஆடுது! மருந்து குடிச்சீங்களா இல்லையா?"

"பதறாதீங்க மாப்பிள்ளை. இது நானே காட்டுறது."

மாப்பிள்ளை நம்பவில்லை. மூடியில் மருந்தை அளந்து ஊற்றி நீட்டினார். மாஸ்டர் மிஷின்கள் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாங்கி ஒரே மடக்கில் குடித்து, மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் அண்ணிக்கு அளவெடுத்தார். பிறகு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இருங்கம்மா, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, முப்பது மிஷின்களுக்கு நடுவே வெறும் கையை வீசிக்கொண்டு நடந்து போனார்.